அகமது இளவரசனின் மூட்டுகள்: நிழலுருப் படம் செய்ய விரும்புவோருக்கு

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் எடுத்த 'இளவரசர் அகமதுவின் சாகசங்கள்' 1926 மே 2 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. முழுநீள அனிமேஷன் படங்களில் அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்தவற்றுள் இதுவே மிகப் பழையது. அதற்கு முன்னால் அர்ஜென்டினாவில் எடுக்கப்பட்டவை அழிந்துபோயின. ஏறக்குறைய 65 நிமிடம் ஓடும் இந்தப் படத்தில் பேச்சு இல்லை, முகமும் இல்லை. கறுப்பு அட்டையில் வெட்டிய உருவங்கள்தான் காதலிக்கின்றன, சண்டையிடுகின்றன, குதிரையேறிப் பறக்கின்றன.

பார்த்து முடித்ததும் பலருக்குக் கை பரபரக்கும். அட்டை, கத்தரிக்கோல், ஒரு கண்ணாடி, ஒரு போன் இருந்தால் நாமும் ஒரு கதை எடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்த எண்ணம் சரியானதுதான். குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய அனிமேஷன் முறைகளில் இதைவிட எளியது இல்லை. ஆனாலும் முதலில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் நடுங்குகின்றன, மினுக்குகின்றன, நடப்பவர் சறுக்குகிறார். உடனே போனையும் செயலியையும் குறை சொல்கிறோம். தவறோ படம்பிடிக்கும் முன்பே மூட்டிலும் விளக்கிலும் நடந்து முடிந்திருக்கும். முகம் இல்லாத கலையில் ஓர வரி ஒன்றே நடிக்கிறது. அந்த வரியைக் காப்பாற்றுவதற்குத்தான் இத்தனை பாடும்.

ரைனிகர் வேலை செய்த இடமே இதற்கு நல்ல பாடம். 1923-இல் ஜெர்மானியப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தபோது, லூயி ஹாகன் என்ற வங்கியாளர் கையிலிருந்த பணத்தைப் படச்சுருளாக மாற்றி வைத்திருந்தார். அந்தச் சுருளைக் கொடுத்து முழுநீளப் படம் எடுக்கச் சொன்னவர் அவர்தான். போட்ஸ்டாமில் இருந்த அவருடைய கார் கொட்டகையின் மேல்தளம் ஸ்டுடியோ ஆனது. கூரை தாழ்ந்த அந்த அறையில் மேசையின் மேல் கண்ணாடி, அதற்குக் கீழே விளக்கு, மேலே தரையைப் பார்த்தபடி கேமரா. கேமராவைப் பார்த்துக்கொண்டவர் ரைனிகரின் கணவர் கார்ல் கோக். மூன்று ஆண்டு அப்படியே போனது. இன்றும் அமைப்பு அதேதான். மாறியவை விளக்கும் கேமராவும் மட்டுமே.

உருவத்திலிருந்து தொடங்கலாம். தலைமைப் பாத்திரத்துக்கு 20 முதல் 25 செ.மீ. உயரம் வசதியானது. அதற்குச் சிறியதானால் மணிக்கட்டில் மூட்டு வைக்க இடமிருக்காது. பெரிதானால் நடக்கச் சட்டகத்துக்குள் இடம் போதாது. முதலில் வெள்ளைத்தாளில் முழு உருவத்தைப் பக்கவாட்டுத் தோற்றமாக வரைந்து, உள்ளே முழுக்கக் கறுப்படித்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். யார், எந்த வயது, என்ன மனநிலை என்பது அந்தத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நகை, மடிப்பு, பொத்தான் என்று எதைச் சேர்த்தாலும் பயன் இல்லை. மூக்கு, தாடை, தலைப்பாகை, முதுகு வளைவு ஆகிய நான்கில்தான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட முடியும். அகமது படத்தின் மந்திரவாதியைப் பாருங்கள். கூனலும் கொக்கி விரல்களும் அவன் எண்ணத்தை அவனுக்கு முன்னால் சொல்லிவிடுகின்றன.

அட்டையின் கனம் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை இருக்கட்டும். பள்ளிக்கூடச் சார்ட் பேப்பர் மெலிது. விளக்கின் சூட்டில் ஒரு மணி நேரத்தில் சுருண்டு எழும்பும். எழும்பிய கை கண்ணாடியைவிட்டு விலகுவதால் அதன் ஓரம் மங்கித் தெரியும். வெட்டும்போது கத்தரிக்கோலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு அட்டையைத் திருப்ப வேண்டும். கத்தரிக்கோலைத் திருப்பினால் வளைவு உடைந்து கோணம் கோணமாகிவிடும். வெட்டி முடித்தவுடன் எல்லா விளிம்பையும் கறுப்பு மார்க்கரால் ஓட்டிவிடுங்கள். பல அட்டைகளின் நடு அடுக்கு வெளுப்பாக இருக்கும். அறை வெளிச்சம் பட்டால் அது வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும்.

மூட்டுக்கு வருவோம். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முழு அசைவு தேவைப்படும் உருவத்துக்குத் தலை, கழுத்து, மார்பு, இடுப்பு, இரண்டு மேற்கை, இரண்டு முன்கை, இரண்டு உள்ளங்கை, இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால், இரண்டு பாதம் என்று 16 துண்டு வரும். சேரும் இரண்டு துண்டின் முனையும் ஒரே அளவு வட்டமாக இருக்க வேண்டும். துளை அந்த வட்டங்களின் நடுவில் சரியாக விழ வேண்டும். துளை 2 மி.மீ. விலகினால்கூட, கை நீட்டியிருக்கும்போது ஒழுங்காகத் தெரிந்து, மடக்கும்போது முழங்கையில் ஒரு மேடு முளைக்கும், அல்லது இடைவெளி விழுந்து வெளிச்சம் எட்டிப் பார்க்கும். இரண்டு வட்டத்தையும் ஒரே நாணயத்தை வைத்து வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே குத்தில் துளையிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கோர்க்க, மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் 26 கேஜ் செப்புக் கம்பி போதும். தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதே பருமனுள்ள ஊசியால் துளையிட்டுக் கம்பியை நுழைத்து, இரு பக்கமும் முனையைச் சின்னச் சுருளாகச் சுற்றி, நோஸ் பிளையரால் தட்டையாக அழுத்துங்கள். சுருள் 4 மி.மீ. அகலத்துக்கு மேல் போகக்கூடாது. நூலில் முடிச்சுப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். முதல் நாள் அது நன்றாகவே இருக்கும். நூறு முறை அசைத்தபின் துளை அகன்று முடிச்சு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் பித்தளைக் கிளிப் தலை தடித்தது. உருவத்தைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிடும்.

மூட்டின் இறுக்கத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உருவத்தைக் கண்ணாடியில் படுக்கவைத்து, உள்ளங்கையை மட்டும் விரல் நுனியால் தள்ளுங்கள். முன்கை கொஞ்சம் உடன் வரலாம், தோள் அசையக்கூடாது. தோளும் அசைந்தால் மணிக்கட்டு இறுகியிருக்கிறது. மாறாக, தலையைத் தொடும்போது கை தானே இடம் மாறினால் தோள்மூட்டு தளர்ந்திருக்கிறது. திரையில் தெரியும் நடுக்கத்தில் பெரும்பகுதி இந்தத் தளர்ச்சியால் வருவதுதான். நாம் அசைக்காத உறுப்பு ஒவ்வொரு பிரேமிலும், அதாவது உருவத்தைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும், அரை மில்லிமீட்டர் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். மேசையைத் தட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: ஒழுங்கான உருவம் அசையாது.

எடையும் இதோடு சேர்ந்தது. ரைனிகர் அட்டையோடு மெல்லிய ஈயத் தகட்டையும் பயன்படுத்தினார். உருவம் கண்ணாடியோடு படிந்து கிடக்கவும், தொட்ட உறுப்பு மட்டும் நகரவும் அந்தக் கனம் உதவியது. ஈயம் நஞ்சு; வீட்டில், அதுவும் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. 0.1 மி.மீ. செப்புத் தகட்டை மார்பு, இடுப்பு, தொடை ஆகியவற்றின் அடிப்பக்கம் அட்டையைவிட 3 மி.மீ. உள்ளடக்கமாக வெட்டி ஒட்டினால் அதே பலன் கிடைக்கும். கைக்கும் தலைக்கும் வேண்டாம். கனம் நடுவுடலில் இருந்தால் நங்கூரம் போல அது உருவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பெண் பாத்திரத்தின் பாவாடையை ஒரே துண்டாக வெட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. நடக்கும்போது அவள் வண்டியில் நிற்பவள்போல நகர்வாள். குறைந்தது மூன்று துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று படிய, இடுப்பருகே ஒரே மூட்டில் கோர்த்தால் துணி அசையும். மெல்லிய திரைத்துணிக்கும் சிறகுக்கும் டிரேசிங் பேப்பர் அழகானது. அகமது படத்தில் வக்வக் தீவின் ஏரியில் குளிக்கும் தேவதை பெரி பானுவின் இறகாடையைத் தேடிப் பாருங்கள். கறுப்புக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் எத்தனை சாம்பல் படி வைக்க முடியும் என்பது அங்கே தெரியும்.

அண்மைக் காட்சிக்குத் தனியாகப் பெரிய உருவம் வேண்டும். 22 செ.மீ. உருவத்தின் தலையை நெருங்கிப் படம்பிடித்தால் வெட்டின் பிசிறு எல்லாம் தெரியும். 15 செ.மீ. உயரத்தில் தலையும் தோளும் மட்டும் புதிதாக வெட்டி, கீழ்த்தாடையையும் இமையையும் மூட்டில் கோர்த்துவிடுங்கள். கண்ணுக்கு ஒரு பிளவு விட்டால் போதும்.

இனி மேசை. 60க்கு 75 செ.மீ. அளவில் 5 அல்லது 6 மி.மீ. கண்ணாடி. அதன்மேல் டிரேசிங் பேப்பரை நான்கு ஓரமும் இழுத்து ஒட்ட வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் அலைபாயும். மழை நாளில் காலையில் ஒட்டியது மாலைக்குள் தொய்ந்துவிடும். பால்நிற அக்ரிலிக் தகடு கிடைத்தால் தாளைவிட அதுவே மேல். எல்.இ.டி. பட்டைகளைக் கண்ணாடிக்கு 25 செ.மீ. கீழே வையுங்கள். பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, பட்டைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவாக இருந்தால்தான் வெளிச்சம் பரவலாகும். இல்லையென்றால் வானத்தில் புள்ளி புள்ளியாகப் பளபளக்கும்.

மினுக்கலுக்கு இரண்டு காரணம். ஒன்று, வீட்டு மின்சாரத்தின் ஏற்ற இறக்கம். 12 வோல்ட் பேட்டரியிலோ தரமான அடாப்டரிலோ விளக்கை எரிய விட்டால் இது அடங்கும். மற்றொன்று, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். பல மலிவு டிம்மர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. டிம்மரை எடுத்துவிட்டு, வெளிச்சம் அதிகமானால் இன்னொரு டிரேசிங் பேப்பர் போடுங்கள். ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 25-இல் ஒரு பங்கு என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது ஒத்துப்போகும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டியாக வேண்டும். பூட்டாவிட்டால் கறுப்பு உருவம் சட்டகத்துக்குள் வரும்போதெல்லாம் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும்.

வெளிச்சம் கூடினால் மெல்லிய பகுதிகளை அது தின்றுவிடும். விரல், வாள் முனை, கண்ணிமை எல்லாம் கரைந்துபோகும். பின்னணி தூய வெள்ளையாகத் தெரியும் நிலையிலிருந்து எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் போகும் வெளிச்ச அளவை) அரை ஸ்டாப், அதாவது அரைப் படி, குறைத்தால் ஓரம் கூர்மையாகும். போனை அகலக் கோணத்தில் தாழ்வாக வைக்காமல், இரண்டு மடங்கு லென்ஸில் 60 செ.மீ. உயரத்தில் வையுங்கள். ஏ3 தாளின் அகலம் சட்டகத்தில் அடங்கும். கை நுழையவும் இடம் இருக்கும். அறை இருட்டாக இருக்கட்டும். கறுத்த சட்டை போடுங்கள். போனைச் சுற்றிக் கறுப்புத்துணியில் ஓட்டை போட்டுக் கட்டுங்கள். கண்ணாடி எதையும் மறைக்காது, உங்கள் முகத்தையும் சேர்த்துக் காட்டிவிடும்.

பின்னணிக்கு மை வேண்டாம். டிரேசிங் பேப்பரையே மலையாகவும் மாளிகையாகவும் வெட்டி அடுக்கலாம். ஒரு தாள் இளஞ்சாம்பல், இரண்டு தாள் அடர்சாம்பல், நான்கு தாள் ஏறத்தாழ இருட்டு. தொலைவு இளசாகவும் அருகு அடர்த்தியாகவும் இருந்தால் ஆழம் கிடைக்கும். உருவம் நிற்கும் இடத்துக்குப் பின்னால் எப்போதும் வெளிர்ப் பகுதியே வரவேண்டும். கறுப்பு உருவத்தை நான்கு தாள் கோபுரத்தின்மேல் நிற்க வைத்தால் தலை காணாமல் போகும். கடலையும் இதே தாளில் செய்யலாம். அகமது படத்தின் அலைகளைச் செய்தவர் பெர்டோல்ட் பார்டோஷ். நாம் செய்வதானால் அலை வடிவில் வெட்டிய மூன்று தாளை எடுத்து, முன்தாளை ஒவ்வொரு முறையும் 6 மி.மீ., நடுத்தாளை 4, பின்தாளை 2 என்று நகர்த்தினால் கடல் உருளும். மூன்றும் ஒரே வேகத்தில் போனால் அது கடலாகாது, நகரும் வேலியாகிவிடும்.

அசைவின் கணக்கு இப்படி: நொடிக்கு 24 பிரேம். ஒரு நிலையை இரண்டு பிரேம் பிடித்தால் நொடிக்கு 12 நிலை. 22 செ.மீ. உருவம் ஓர் அடி வைத்தால் சுமார் 8 செ.மீ. முன்னேறும். இளவரசனின் நிதான நடைக்கு ஓர் அடியை 8 நிலையாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் உடல் 1 செ.மீ. நகரட்டும். ஏ3 சட்டகத்தின் 42 செ.மீ. அகலத்தைக் கடக்க ஐந்து அடிக்குச் சற்று மேல், அதாவது மூன்றரை நொடி ஆகும். ஊன்றிய பாதம் மட்டும் அந்த எட்டு நிலையிலும் இம்மி நகரக்கூடாது. பாதத்தின்மேல் ஒரு விரலை அழுத்திக்கொண்டு, மறு கையால் இடுப்பை நகர்த்தி, பிறகு முழங்காலைச் சரிசெய்ய வேண்டும். நடப்பவர் சறுக்குவது முழுக்க இந்த ஒழுங்கு தவறுவதால்தான்.

நின்றிருப்பவர் சட்டென்று ஓடத் தொடங்க மாட்டார். கையை 26 மி.மீ. உயர்த்த வேண்டுமென்றால் 1, 2, 4, 6, 6, 4, 2, 1 என்று எட்டு நிலையில் உயர்த்துங்கள். எட்டையும் சமமாகப் பிரித்தால் பொறி அசைவதுபோல் இருக்கும். அசைவு முடிந்ததும் ஆறு நிலை அப்படியே விடுங்கள். பார்ப்பவர் மனம் அந்த ஓய்வில்தான் பாத்திரத்தின் எண்ணத்தைப் படிக்கிறது. புதியவர்கள் ஓய்வுக்குப் பயந்து எதையாவது ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ரைனிகரின் உருவங்களோ நன்றாக நிற்கத் தெரிந்தவை. தலை தாழ்த்தி நிற்கும் பெரி பானு எந்தக் கண்ணீரையும்விட அதிகம் சொல்கிறாள்.

இசைக்கு ஏற்ப அசைக்க விரும்பினால் நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள தாளம் கைக்கு வசதி. ஒரு தட்டுக்கு 12 பிரேம், ஆறு நிலை. கணக்குப் போடாமலே எண்ணிக்கொண்டு போகலாம்.

திரும்புவதுதான் நிழலுருவுக்கு மிகக் கடினம். பக்கவாட்டு உருவத்துக்கு முன்முகம் கிடையாது. அதனால் மூன்று தந்திரம்: தூணுக்குப் பின்னால் போய்த் திருப்பிப் போட்ட உருவமாக வெளிவரலாம்; குனிந்து எழும் அசைவின் நடுவே, உடல் உருண்டு கிடக்கும் நிலையில் புரட்டிவிடலாம்; இல்லையென்றால் குறுகிய தோள்களோடு இரண்டு இடைநிலை உருவம் வெட்டி ஒவ்வொன்றையும் இரண்டு பிரேம் காட்டலாம். புரட்டுவதற்காகவே செப்புச் சுருளை இருபுறமும் தட்டையாக வைக்கச் சொன்னேன்.

உருமாற்றத்துக்கோ இதைவிடப் பொருத்தமான கலை இல்லை. மந்திரவாதியும் தீமலைச் சூனியக்காரியும் மாறி மாறி விலங்குருவம் எடுத்து மோதும் காட்சிக்கு ஒரு நூற்றாண்டு ஆகியும் வயதாகவில்லை. இதற்கு மூட்டு தேவையில்லை. மனிதனுக்கும் சிங்கத்துக்கும் நடுவே ஆறு அல்லது எட்டு முழு உருவம் வெட்டி, ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பதுதான் வேலை. எல்லாவற்றிலும் ஒரு புள்ளி, எடுத்துக்காட்டாக முன்கால், ஒரே இடத்தில் ஊன்றியிருக்கட்டும். இல்லையென்றால் உருமாறியதாகத் தோன்றாது, ஆள் மாறியதாகத் தோன்றும்.

வண்ணம் பற்றிச் சுருக்கமாக. அந்தக் காலத்தில் காட்சிக்குக் காட்சி படச்சுருளையே சாயத்தில் தோய்த்தார்கள். அகமதுவின் மூல நெகட்டிவ் அழிந்துவிட்டது. லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்திடம் இருந்த சாயப் பிரதியை வைத்துத்தான் 1990களின் இறுதியில் ஜெர்மனியில் படத்தை மீட்டெடுத்தார்கள். பார்ப்பதானால் வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதியைத் தவிர்த்து அந்த மீட்டெடுத்த பதிப்பைத் தேடிப் பாருங்கள். நீங்கள் எடுக்கும் படத்தில் விளக்குக்கும் தாளுக்கும் நடுவே வண்ணத் தாள் வைக்கலாம். ஆனால் அடர்நீலம் வேண்டாம்; கறுப்புக்கும் அதற்கும் வித்தியாசம் குறைந்து உருவம் அமுங்கிவிடும்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது, அகமது படம் ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து பறக்கும் குதிரை, பெரி பானு, அலாவுதீன் ஆகியவற்றைத் தைத்து எடுத்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். மூன்றிலும் பறத்தலும் மறைதலும் மாறுதலும் இருக்கின்றன. பேச்சால் நகரும் கதை நிழலுருவில் நிற்காது. குழந்தைகளோடு இந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒன்றைப் பேசியாக வேண்டும். ஆப்பிரிக்க மந்திரவாதியையும் சீனத்து மனிதர்களையும் அந்தக் கால ஐரோப்பா எந்தக் கண்ணால் பார்த்ததோ அதே கண்ணால்தான் இந்தப் படமும் வரைகிறது. உங்கள் படத்தில் கெட்டவனை வெட்டும்போது இனத்தை அடையாளமாக்காமல் முதுகையும் கையையும் நடிக்க விடுங்கள்.

முதல் படம் 20 நொடிக்கு மேல் வேண்டாம். அதற்கே 240 நிலை. ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்தால் பாதி முடியும். ஓர் உருவம், ஒரு தூண், ஒரு பறவை போதும். உருவம் நடந்து வர 48 நிலை, நின்று பறவையைப் பார்க்க 24, கை நீட்ட 16, அப்படியே நிற்க 12, பறவை வந்து அமர 30, பிறகு நிற்க 18, தூணுக்குப் பின் போய்த் திரும்ப 44, நடந்து வெளியேற 48. இந்த எண்களைத் தாளில் கட்டம் போட்டு எழுதி மேசையருகே ஒட்டி, எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே போங்கள். இடையில் எழுந்து போக வேண்டி வந்தால், ஓர் அடியை முடித்து இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் சோதனைக்கு ஒரு பிரேம் எடுத்துக் கடைசிப் பிரேமோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதை அழித்த பிறகு தொடருங்கள்.